உப்புத்தாள் கொடுத்த கத்தி

வெந்நீர் கொதித்துவிட்டால் நுரைக்கு ஆகாது. விரலை விட்டால் சுட வேண்டும், ஆனால் வெடுக்கென்று எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் பதம். பலர் இந்த இடத்திலேயே கோட்டை விட்டுவிட்டு அப்புறம் சோப்பைக் குறை சொல்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லிக் காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள், ஐயா. சொந்த வார்த்தை என்றால் எனக்கு இப்படித்தான் வரும். ஆட்களின் பெயரெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. எங்களுக்குள் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டோமோ அப்படியே நான் எழுதுகிறேன்.

நாங்கள் எட்டுப் பேர். பிரஷ், சோப்பு, மடக்குச் சவரக்கத்தி என்று பழைய முறையில் முகம் மழிப்பதில் பைத்தியம் பிடித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். அன்று நோயாளிகள் கிடையாது. இரண்டு வாஷ்பேசின், சுவர் முழுக்கக் கண்ணாடி, நல்ல வெளிச்சம், சாய்கிற நாற்காலி வேறு. வாத்தியார் வருவார், பேக்கரிக்காரர் வருவார், இன்னும் சிலர். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நாங்கள் ஒரு வேடிக்கை. "மூஞ்சில இருக்கறது நாலு முடி, அதுக்கு நாப்பது சாமானா?" என்பாள் என் மனைவி.

கிறுக்குக் கூட்டம் என்றாலும் எங்களுக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒருவர் தன் கத்தியை விட்டுவிட நினைத்தால் வெளியே விற்கக் கூடாது, கூட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும். கொடுப்பவர் அதைத் தன் கையால் தீட்டி, தன் கன்னத்திலேயே ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். யார் பெயர் வருகிறதோ அவர் அங்கேயே, அப்போதே, எல்லார் முன்னாலும் அந்தக் கத்தியால் முதல் சவரம் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால், கொடுத்தவரின் கூர் மேல் நம்பிக்கை இல்லை என்று பொருள். பத்து வருடத்தில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த எட்டுப் பேரில் தங்கக்கையும் நானும் ஒரே பட்டறை. நிலம் அளக்கிற கருவிகளைப் பழுதுபார்க்கிற இடம். கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய்க்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழைகள் இருக்கும், அவற்றை வைத்துத்தான் குறி பார்ப்பார்கள். சிலந்தி நூல் பருமன். அறுந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியால் புதிது பூட்ட வேண்டும். பட்டறையில் அந்த வேலை இரண்டு பேருக்குத்தான் வரும், அவனுக்கும் எனக்கும். அவனுக்குத் தங்கக்கை என்று பெயர் வைத்தது முதலாளி. எனக்கு அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை. அதில் எனக்கு ஒன்றுமில்லை.

இருவரும் ஒரே வருடம் சேர்ந்தோம். நான் இரண்டு வயது மூத்தவன், அதனால் என்னை அண்ணே என்பான், என் மனைவியை அண்ணி என்பான். இழைமேசைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று வந்தபோது முதலாளி அவனைப் போட்டார். நான் சிடுமூஞ்சியாம், வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டேனாம். நான் சிடுமூஞ்சி இல்லை, ஐயா. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். இல்லை, அவளைக் கேட்க வேண்டாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவன் என்னைச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். வலது கையை நீட்டிக் காட்டினான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுகிறாற்போலத் தானாக ஆடிக்கொண்டிருந்தன.

"நரம்புல கோளாறாம் அண்ணே. இது சரியாகாதுன்னுட்டார் டாக்டர். மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் அடங்குது. யாருக்கும் தெரியாது. வீட்டுலகூடச் சொல்லல, அவ அழுதே கரைஞ்சிடுவா."

"வேலை?" என்றேன்.

"அதான் உங்ககிட்ட வந்தேன். தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நீங்கதான் என்னைத் தாங்கணும்."

தாங்கினேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். மறுநாளிலிருந்து எல்லாரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், அவன் மேசையில் உட்கார்ந்து, அவன் பூட்ட வேண்டிய இழைகளை நான் பூட்டினேன். அப்புறம் என் மேசைக்குப் போய் என் வேலையைப் பார்த்தேன். அவன் பகல் முழுக்கக் கருவி மேல் குனிந்துகொண்டு வேலை செய்கிற பாவனை செய்தான். நூற்றுப் பதினான்கு இழைகள். உட்கார்ந்து எண்ணினேன் என்று நினைக்காதீர்கள், அது தானாக மனதில் நின்றுவிட்டது. மாத்திரைகளை மேசையில் ஒரு திருகாணி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தான். வார இறுதிக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். சவரக்கத்தியைத் தொடுவதையும் விட்டுவிட்டான். வீட்டில் மின்சார மெஷின். ஞாயிற்றுக்கிழமை வழுவழுவென்ற முகத்தோடு வந்து, "இன்னிக்கு வீட்டுலயே முடிச்சாச்சு" என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானும் துணை போனேன்.

போன மாதம் பட்டறைக்கு முப்பத்தைந்து வருட விழா. நாங்கள் சரிசெய்து அனுப்பிய ஒரு கருவியைப் புகழ்ந்து ஒரு பெரிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தக் கருவியை எனக்கு நினைவிருந்தது. உடம்பு அனலாகக் கொதிக்கிற காய்ச்சலோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதன் இழைகளை நான் பூட்டினேன். முதலாளி தங்கக்கையை மேடைக்குக் கூப்பிட்டு, பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்தார். அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான். வலது கை பைக்குள் இருந்தது.

பிறகு மைக்கைப் பிடித்தான். "எல்லாரும் என் கையைச் சொல்றீங்க. எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரு, நம்ம அண்ணன். அவரு உப்புத்தாள் மாதிரி. தொட்டா சொரசொரன்னுதான் இருப்பாரு. ஆனா அவரு தேச்சாத்தான் நாமெல்லாம் பளபளப்போம்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் உப்புத்தாள். டீக்கடைக்காரர், "உப்புத்தாளுக்குச் சர்க்கரை கம்மி" என்று கூவினார். கிளினிக்கிலும் தங்கக்கையே போய்ச் சொல்லிவைத்தான், அங்கேயும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்துவிட்டு, "பொருத்தமாத்தான் வெச்சிருக்காரு" என்றாள்.

விழா முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் அந்தத் தகட்டோடு என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, இது உங்களுது. உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றான். வேண்டாம் என்றேன். அதில் பொறித்திருந்தது அவன் பெயர். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, பால் பாத்திரத்தை மூடவா.

கோபம் என்றால் கத்துவது, தட்டை வீசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி வராது. எனக்குக் கோபம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும், கிளப்பினாலும் கிளம்பாது. அவன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவன் சிரித்தால் கோபம். அண்ணே என்றால் கோபம். நான் பூட்டிய இழையை விளக்கில் பார்த்துவிட்டு யாருக்கும் கேட்காமல், "அற்புதம் அண்ணே" என்பான், அப்போதுதான் ரொம்பக் கோபம் வரும். ஆனாலும் அடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னால் போய் அவன் இழையைப் பூட்டத்தான் செய்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வாரம் என் கத்தியைக் கொடுக்கப்போகிறேன் என்று கூட்டத்தில் சொன்னேன். என்னிடம் இருப்பதிலேயே நல்ல கத்தி அது. அகலமான அலகு, கறுப்புக் கொம்புப் பிடி. அதை யாரும் தொடக்கூட விட்டதில்லை நான். பல் டாக்டருக்கு நம்பிக்கையே வரவில்லை.

"இதைப் போய் ஏன் குடுக்கறீங்க?" என்றார்.

"நல்ல பொருள் நல்ல கையில இருக்கணும்ல" என்றேன்.

என் கணக்கு எளிமையானது. சீட்டு தங்கக்கைக்கு விழும். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவன் கையில் கத்தி இருக்கும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்று எடுத்தால் கையே சொல்லிவிடும். பேக்கரிக்காரர்தான் முதலாளி வீட்டுக்கு ரொட்டி போடுகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, திங்கட்கிழமைக்குள் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். நான் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த வாக்கை மீறினேன் என்று யாரும் பேச முடியாது. உண்மை வெளியே வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

கத்தியைத் தீட்ட மூன்று சாயங்காலங்கள் எடுத்துக்கொண்டேன். மூன்று கற்கள், கடைசியில் தோல்வார். புறங்கையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அலகின் மேல் விட்டால் அது தன் பாரத்திலேயே இரண்டாகி விழ வேண்டும். விழுந்தது. என் கன்னத்தில் போட்டுப் பார்த்தேன். தொட்டதே தெரியவில்லை. இந்த விதியில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

சீட்டுகளை நான் எழுதினேன். கொடுப்பவரை விட்டு ஏழு பேர், ஏழு சீட்டு. ஏழிலும் அவன் பெயர். நுரைக்கிண்ணத்தில் போட்டுக் குலுக்குவதும், குலுக்கிய கிண்ணத்திலேயே வெந்நீர் விட்டு முதல் நுரை எடுப்பதும் எங்கள் வழக்கம். மிச்சச் சீட்டுகளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாங்கள் கத்தியை நம்பிக் கழுத்தைக் கொடுக்கிறவர்கள், சீட்டையா சந்தேகப்படப் போகிறோம்.

இன்னொன்று உண்டு. நீங்கள் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அவன் சாப்பிடப் போன நேரத்தில், திருகாணி டப்பாவில் இருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே அளவில் வெள்ளையாக இருந்த சத்து மாத்திரைகளைப் போட்டுவைத்தேன். என் மனைவி சாப்பிடுகிறவை. அவளுக்கு அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. அவனுக்கும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோதே இரண்டு கையும் பைக்குள் இருந்தன. பேக்கரிக்காரர் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். வாத்தியார் பிரித்துப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். "தங்கக்கைக்குத் தங்கமான கத்தி, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி" என்றார் வாத்தியார். மிச்சச் சீட்டுகளை நான் வெந்நீரில் நனைத்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவனைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினார்கள். நான் கத்தியை மடக்கியபடி நீட்டினேன்.

அவன் கத்தியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை, ஐயா. எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள் என்று சாமான் அறையில் பார்த்தானே, அதே பார்வை. நான் தண்ணீர்ப் பதம் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். இன்னும் அரை நிமிடம் பொறுத்தால் போதும் என்று நினைத்தேன். என் வயிற்றில் இருந்தது கொஞ்சம் இளகினாற்போலக்கூட இருந்தது.

அவன் துண்டுக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான். காற்றில் படபடக்கிற காகிதம்போல அது ஆடியது.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "என் கை போச்சு. வருஷம் ஒண்ணாகப் போகுது. ரெண்டு நாளா மாத்திரைகூடக் கேக்க மாட்டேங்குது. இனிமே மறைக்க முடியாது. மறைக்கவும் வேணாம்னு இப்பதான் தோணுச்சு. எட்டு மாசமா என் வேலையெல்லாம் அண்ணன்தான் செஞ்சாரு. அந்தத் தகடு அவருது. நாளைக்கே முதலாளிகிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

நான் கேட்டது இதைத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

பல் டாக்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த பெரிய நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். பேக்கரிக்காரர் அழுதுகொண்டே, "பொண்ணு படிப்பு எங்க பொறுப்பு" என்றார். வாத்தியார், "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்" என்று மூன்று தடவை சொன்னார். மறுபடியும் கைதட்டல், முதலில் தட்டியதைவிடப் பலமாக. கடைசியில் யாரோ ஒருவர் என் தோளில் தட்டி, "பரவாயில்லையே உப்புத்தாள், கமுக்கமா இருந்திருக்கீங்களே" என்றார். என் பங்குக்கு வந்தது அவ்வளவுதான்.

நன்றாக யோசித்துப் பாருங்கள், ஐயா. வேலை நான் செய்தேன், பெயர் அவனுக்கு. சரி. பொய் அம்பலமானால் அவமானமாவது அவனுக்கு வர வேண்டும் அல்லவா. அதிலும் அவனுக்குக் கைதட்டல். அவனை ஒழிக்க நான் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தீட்டினேன், அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதை வைத்தே பெரிய மனிதனாகிவிட்டான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். வயிற்றில் இளகியது மறுபடியும் இறுகிப்போனது.

அப்போது அவன் சொன்னான். "அண்ணே, நீங்களே போட்டு விடுங்க. எனக்கு வேற யாரு இருக்கா."

அப்படி ஒரு விதி எங்களிடம் உண்டு, நான் அதை மறந்தே போயிருந்தேன். சீட்டு விழுந்தவருக்கு உடம்பு முடியாவிட்டால், கொடுத்தவர் கையாலேயே முதல் சவரம் செய்துவிடச் சொல்லலாம். பேக்கரிக்காரர் கையைச் சுட்டுக்கொண்ட வருடம் போட்ட விதி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுற்றி நின்று இடம் விட்டார்கள்.

நுரை போட்டேன். நல்ல கெட்டி நுரை. ஆடுகிற கையால் மெஷினைக்கூடப் பிடிக்க முடியவில்லை போலிருக்கிறது, இரண்டு நாள் முடி இருந்தது. வலது கன்னத்தை மேலிருந்து கீழாக இழுத்தேன். அப்புறம் இடது கன்னம். மூக்குக்குக் கீழே, உதட்டோரம், எல்லாரும் தடுமாறுகிற இடம் அது. ஒரு கீறல் இல்லை. வாத்தியார், "கையா இது" என்றார். முதல் தடவையாக ஒருவர் என் கையைச் சொன்னார்.

தங்கக்கை கண்ணை மூடியிருந்தான். "நாளைக்கு முதலாளிகிட்ட நீங்களும் கூட வாங்க அண்ணே. நான் தனியாப் போனா அழுதுருவேன்" என்றான்.

"வரேன். இப்பப் பேசாத, தாடையைத் தூக்கு" என்றேன்.

தூக்கினான். அவனுக்கு நடுக்கம் கையில் மட்டும்தான், கழுத்தில் இல்லை. துண்டுக்கு அடியில் கை ஆடிக்கொண்டிருந்தது, தலை அசையவில்லை. இதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தேன். பதமாகப் பிடித்துத்தான் வைத்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பல் டாக்டர் இருக்கிற துண்டையெல்லாம் வைத்து அழுத்திப் பார்த்தார். பாவம், அவரால் முடிந்ததைச் செய்தார். நான் கத்தியைக் கழுவித் துடைத்து மடக்கி வைத்தேன். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடித்துவிடும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு பேரும் உங்களிடம் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். அவன் சொன்னதைக் கேட்டு நான் மனம் கலங்கிப்போய்விட்டேனாம், அந்தக் கலக்கத்தில் கை தவறிவிட்டதாம். என் மனைவியும் அதையே சொன்னாள். "வயசாச்சுல்ல, கண்ணும் சரியில்ல அவருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள். நேற்று தங்கக்கையின் மனைவி இங்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேணும்னா செஞ்சீங்க அண்ணே? எட்டு மாசம் எங்களைக் காப்பாத்துன கை இது. அழாதீங்க" என்றாள். நான் அழவில்லை. அவள்தான் அழுதாள்.

நீங்களும் நல்ல மனிதர். தட்டச்சு செய்த தாளை முன்னால் வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. கை தவறியதால் நேர்ந்த விபத்து என்று அதில் இருந்தது. அதனால்தான் வேறு காகிதம் கேட்டேன்.

முப்பத்தொரு வருடம் சிலந்தி நூலைப் பூட்டிய கை இது, ஐயா. காய்ச்சலில்கூடத் தவறியதில்லை. அவன் கழுத்தில் எந்த இடம் என்று நான் நினைத்தேனோ அந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று நினைத்தேனோ அவ்வளவு ஆழத்துக்கு, ஒரே இழுப்பாக இழுத்தேன். உங்கள் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே இதை எழுதிக்கொள்ளுங்கள். எட்டு மாதம் என் கை செய்ததெல்லாம் அவன் பெயரில் போயிற்று. இதுவாவது என் பெயரில் இருக்கட்டும்.